மாமா சாரும் பிளாஸ்டிக் செடியும்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய பெரியம்மாவுக்கு,

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் தங்கை மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அம்மா நலம், அப்பா நலம், நான் மிகவும் நலம். மாமா நலமா இல்லையா என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீங்கள் எடுக்கப்போகும் முடிவில்தான் இருக்கிறது. உங்கள் முழங்கால் வலியும் பெரியப்பாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று மாலை நீங்கள் அம்மாவிடம் போனில், “இனிமே என்கிட்ட அவன் பேச்சையே எடுக்காதே. திங்கக்கிழமை காலையில கிடங்குக்கு மூட்டை எண்ண வந்துடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. போன் என்றால் எடுக்காமல் இருந்துவிடலாம், கடிதம் என்றால் யாரும் பிரிக்காமல் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் தலைமை ஆசிரியை உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவர் சொன்னதை நீங்கள் நம்பியிருப்பீர்கள். ஆனால் அவர் வந்தது கடைசியில்தான். நான் முதலிலிருந்தே அங்கே இருந்தேன், அதுவும் முதல் பெஞ்சில். ஒரு கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கதாநாயகனைத் திட்டுவது முறையல்ல என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் வகுப்பு டீச்சருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். எங்களை அமைதியாக இருக்கச் சொல்லிக் கத்தியே அவர் தொண்டை போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். அவர் திரும்பி வரும்வரை பதிலுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்றதும், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை ஹாலில் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அதன் கீழேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் உங்கள் தம்பியின் ஞாபகம் உங்களுக்கு வந்தது. அதற்கு நாங்கள் அனைவரும் நன்றியுள்ளவர்களாக இருக்கிறோம். “வெள்ளிக்கிழமை ஒரு நாள் பார்க்கிறேன். சரிப்பட்டு வந்தால் வருஷக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்” என்று தலைமை ஆசிரியை உங்களுக்கு வாக்குக் கொடுத்தார். இதுவும் போனால் பெரியப்பாவின் சிமெண்ட் கிடங்குதான் என்று நீங்கள் மாமாவுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். கிடங்கு என்ற சொல்லைக் கேட்டாலே மாமாவுக்கு இருமல் வருகிறது. நடிப்பு என்று அப்பா சொல்கிறார். நான் நேரில் பார்த்தேன், உண்மையான இருமல்தான்.

மாமாவின் பழைய வேலைகளை வைத்து அவரை எடை போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கண் டாக்டரிடம் வேலை பார்த்தபோது, பலகையில் இருக்கும் எழுத்துத் தெரியாமல் விழித்தவர்களுக்கெல்லாம் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த வாரம் ஒருவருக்குக்கூடக் கண்ணாடி எழுதிக்கொடுக்க முடியவில்லை என்று டாக்டர் அவரை அனுப்பிவிட்டார். “பாவம்க்கா, வயசானவங்க, தெரியலைன்னு கூச்சப்படுறாங்க” என்று மாமா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். இப்படிப்பட்டவர் ஆசிரியராகத்தானே இருக்க வேண்டும்?

வியாழக்கிழமை முழுவதும் மாமா எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பாடம் நடத்திப் பழகினார். அது மிகவும் நல்ல மாணவன், குறுக்கே பேசாது. நடுவில் பால் எடுக்க வந்த அம்மாவைப் பார்த்து, “அனுமதி கேட்காம உள்ள வரக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அதற்கு அம்மா சொன்ன பதிலை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஸ்கூல்ல நான் உனக்கு மாமா இல்ல. சார். புரியுதா?” என்றார். “புரியுது மாமா” என்றேன். “பார்த்தியா!” என்றார். “புரியுதுங்க சார்” என்றேன். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று அவர் தெருவின் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நடந்தோம். முதல் திருப்பத்திலேயே அவருக்கு வழி தெரியாமல் போய், தெருவைக் கடந்து வந்து என்னிடமே கேட்டார்.

பள்ளி வாசலில் ஆயா நின்றிருந்தார். மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பதிலுக்கு வந்த சாரா? இங்க வேலை ரொம்ப லேசு சார். சத்தம் வெளியே வரக் கூடாது, புள்ளைங்க வெளியே வரக் கூடாது. அவ்ளோதான்” என்றார். “பாடம்?” என்று மாமா கேட்டார். “அதெல்லாம் புத்தகத்துலயே இருக்கு சார்” என்றார் ஆயா. தலைமை ஆசிரியையும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். “பாடம் நடத்தணும்னு கட்டாயம் இல்ல தம்பி. இருக்கிற பேரைக் கெடுக்காம இருந்தா போதும். உங்க அக்கா முகத்துக்காகத்தான் கூப்பிட்டேன்” என்று சொல்லி, எங்கள் வகுப்பு ஜன்னலில் இருந்த அமைதிக் கோப்பையைக் காட்டினார். வாரம் முழுவதும் சத்தமே கேட்காத வகுப்புக்குக் கொடுக்கப்படும் வெள்ளிக் கலர் கோப்பை அது. வருஷத் தொடக்கத்திலிருந்து அது எங்களிடம்தான் இருக்கிறது. நாங்கள் வகுப்போடு சுற்றுலா போயிருந்த வாரமும் எங்களுக்கே கொடுத்தார்கள். அந்த வாரம்தான் மிகவும் சிறப்பாக இருந்தோம் என்று பாராட்டினார்கள்.

மாமா உள்ளே வந்ததும் வழக்கம்போல் எல்லோரும் எழுந்து, வணங்கி, உட்கார்ந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டோம். அவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். “என்னப்பா, எல்லாருக்கும் பல் வலியா?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, விரலை எடுக்கச் சொல்லி உத்தரவு வரவில்லையே. பிறகு வருகைப் பதிவை எடுத்தார். ஒவ்வொரு பெயராக மிகவும் கம்பீரமாகப் படித்துக்கொண்டே வந்தவர், என் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, “அட, நம்ம குருவி!” என்றுவிட்டார். வகுப்பே என் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் ‘ஒலிபெருக்கி’ என்று நாங்கள் கூப்பிடும் பையன் எழுந்து, “சார், நீங்க குருவிக்கு என்ன வேணும்?” என்றான். மாமா பொய் சொல்ல மாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். மணி அடிப்பதற்குள் முழு வகுப்புக்கும் அவர் மாமா சார் ஆகிவிட்டார். கைகழுவப் போனபோது நான்காம் வகுப்புப் பிள்ளைகளும் “வணக்கம் மாமா சார்” என்றார்கள். ஒருவருக்குத் தெரிந்தால் பள்ளிக்கே தெரிந்துவிடும். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

அடுத்தது கணக்கு. மாமா பின்னம் நடத்தத் தொடங்கினார். “ஒரு வாளி நிறையத் தண்ணி இருக்கு. அதுல பாதியை எடுத்துட்டா மீதி எவ்ளோ?” என்று கேட்டார். நாங்கள் அனைவரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டோம். “எழுதாதீங்க. யோசிங்க” என்றார். அதையும் எழுதிக்கொண்டோம். நான் அடிக்கோடும் போட்டேன். அவர் சாக்பீஸை வைத்துவிட்டு, “இது சரிப்படாது. கண்ணால பார்த்தாத்தான் புரியும்” என்று சொல்லி, வெளியே போய் ஆயாவின் வாளியை எடுத்து வந்துவிட்டார். தண்ணீர் அளக்க ஒரு பாத்திரம் வேண்டும் அல்லவா? வகுப்பறையில் பாத்திரம் என்று ஒன்றுதான் இருந்தது, அது ஜன்னலில் இருந்தது. பெரியம்மா, நான் கையை உயர்த்தி, அது அமைதிக் கோப்பை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வகுப்பில் அமைதியாக இருக்க வேண்டும் என்பதால் சொல்லவில்லை. மாமா அதில் தண்ணீர் மொண்டு காட்டினார். அதன் அடியில் ஓட்டை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அதில் யாரும் எதையும் ஊற்றவில்லையே, எப்படித் தெரியும்? வாளித் தண்ணீர் குறைந்ததும் நிரப்பப் போனவர், தாழ்வாரத்துக் குழாயைத் திருகியபோது கைப்பிடி மட்டும் தனியாக அவர் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் சிறிய ஓடையாகத் தலைமை ஆசிரியையின் அறைப் பக்கம் புறப்பட்டது. ஆயா துடைப்பத்தோடு ஓடி வந்து, “மாமா சார், குழாய் ரிப்பேர்காரருக்குச் சொல்லியனுப்பறேன். அதுவரைக்கும் நீங்க வேற எதையும் தொடாம இருங்க, புண்ணியமாப் போகும்” என்றார்.

இந்த நேரத்தில்தான் அந்த மனிதர் வந்தார். கண்ணாடி, கக்கத்தில் ஒரு ஃபைல், பளபளப்பான ஷூ. வாசலில் நின்று, “உள்ள வரலாமா?” என்றார். மாமா அவரைக் குழாய் ரிப்பேர்காரர் என்று நினைத்துவிட்டார். “வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். பாடம் பாதியில நிக்குது. கொஞ்ச நேரம் பின்னாடி உட்காருங்க” என்றார். அவரும் பேசாமல் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இங்கே உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். பள்ளி ஆய்வாளர் வரும் நாளுக்காக எங்கள் டீச்சர் ஒரு மாதிரிப் பாடம் பழக்கி வைத்திருக்கிறார். வருஷம் முழுவதும் அந்த ஒரு பாடம்தான். செடி எப்படிச் சாப்பிடுகிறது என்பது தலைப்பு. ஃபைல் வைத்திருக்கும் ஆள் யார் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தாலும், நாங்கள் எந்தப் பாடத்தில் இருந்தாலும், உடனே அதைத் தொடங்கிவிட வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. லீடர் பெண் அலமாரியிலிருந்து செடியை எடுத்து மேசைமேல் வைப்பாள். செடி பிளாஸ்டிக். முதலில் உண்மையான செடிதான் இருந்தது, அலமாரியில் வைத்திருந்ததால் செத்துப்போய்விட்டது. பிறகு முதல் கேள்விக்கு ஒருவர் தவறான பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் சரியாகச் சொன்னால் ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். அந்தத் தவறான பதிலைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. வகுப்பில் முதல் மாணவி நான்தான் என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் கொடுத்தால் வேறு ஏதாவது தவறைச் சொல்லிவிடுவார்கள், வாய் தவறிச் சரியான பதிலையே சொன்னாலும் சொல்லிவிடுவார்கள். என்னிடம்தான் பிசகாது என்று டீச்சர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

லீடர் எழுந்து போய்ச் செடியை மேசைமேல் வைத்தாள். மாமா செடியைப் பார்த்தார், லீடரைப் பார்த்தார், பிறகு பாடத்தைத் தொடர்ந்தார். “சரி, சொல்லுங்க. இந்த வாளியில பாதி தண்ணியை எடுத்துட்டா, மீதி எவ்ளோ இருக்கும்?” என்று கேட்டு, நம்பிக்கையோடு என் பக்கம் திரும்பினார். பெரியம்மா, பதில் எனக்குத் தெரியும். ஆனால் முதல் கேள்விக்கு எழுந்திருக்க வேண்டியவள் நான். மாமாவா, கடமையா என்று ஒரு நொடி என் மனம் போராடியது. எழுந்து நின்று, தெளிவாக, “செடி மண்ணைச் சாப்பிடுகிறது, சார்” என்றேன்.

“என்னது?” என்றார் மாமா.

“தவறு. செடி மண்ணை உண்பதில்லை. சூரிய ஒளி, நீர், காற்று ஆகியவற்றைக் கொண்டு இலையில் உணவைத் தயாரிக்கிறது” என்றாள் லீடர்.

“யாரும்மா இப்ப செடியைப் பத்திக் கேட்டா?”

“அப்படியென்றால் இரவில் செடிக்குப் பசிக்காதா, சார்?” என்றான் ஒலிபெருக்கி. இந்த இடத்தில் எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரித்தோம். லீடர் கையைத் தாழ்த்தியதும் எல்லோரும் ஒன்றாக நிறுத்தினோம். மாமா பலகையைத் திரும்பிப் பார்த்தார், தான் எழுதியது பின்னம்தானா என்று சரிபார்த்துக்கொண்டார் போலும். பிறகு மெதுவாக மேசைக்கு வந்து, ஓர் இலையைத் தொட்டு, “இது பிளாஸ்டிக்தானே?” என்று கேட்டார்.

இந்த வசனம் மாதிரிப் பாடத்தில் இல்லை. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. லீடர் செடியை எடுக்கவா, வைக்கவா என்று என்னைப் பார்த்தாள். அப்போது மூன்றாவது வரிசையில் ‘பொட்டலம்’ என்ற குட்டிப் பெண் எழுந்தாள். மாதிரிப் பாடத்தில் அவளுக்கு வசனமே கிடையாது, கடைசியில் கைதட்ட மட்டும்தான். வருஷம் முழுவதும் அவள் குரலை நான் கேட்டதில்லை. அவள் கேட்டாள்: “அப்போ இது என்ன சாப்பிடும் மாமா சார்?”

மாமா அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவரால் நிறுத்த முடியவில்லை. நாங்களும் சிரித்தோம், லீடர் கையைத் தாழ்த்திய பிறகும் நிறுத்தவில்லை. “நல்ல கேள்வி! இந்த வருஷத்துலயே நல்ல கேள்வி இதுதான்!” என்று சொல்லி, எங்கள் எல்லோரையும் மைதானத்து மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும் வழியில், பின் பெஞ்சில் இருந்தவரிடம் குழாய்க் கைப்பிடியைக் கொடுத்து, “இதை வெச்சுக்கோங்க. வாளியும் இங்கதான் இருக்கு. நாங்க வர்றதுக்குள்ள முடிச்சுடுவீங்கல்ல?” என்றார். அவர் கைப்பிடியையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். மரத்தடியில் மாமா ஓர் இலையைக் கிழித்துக் காட்டினார். எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது என்று ஒருவன் கேட்டான். “எனக்குத் தெரியலையே, வா பார்ப்போம்” என்று மாமா மண்டியிட்டு உட்கார்ந்தார். ஓர் ஆசிரியர் தெரியவில்லை என்று சொன்னதை நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அதனால்தான் அத்தனை சத்தம், பெரியம்மா. முப்பது பேரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

தலைமை ஆசிரியை வந்தது இப்போதுதான். தாழ்வாரத்தில் தண்ணீர். வாளிக்குள் அமைதிக் கோப்பை மூழ்கிக் கிடக்கிறது. வகுப்பில் ஒருவரும் இல்லை. ஆய்வாளர் ஈர ஷூவோடு, கையில் குழாய்க் கைப்பிடியுடன் தனியாக நிற்கிறார். அவர் கைப்பிடியைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, வேகமாக நடந்து போய்விட்டார். “ஐயா, டீ! டீயாவது சாப்பிட்டுட்டுப் போங்க ஐயா!” என்று தலைமை ஆசிரியை வாசல்வரை ஓடினார், அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் வந்தது.

நேற்றிலிருந்து மாமா சாப்பிடவில்லை. சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டார். கிடங்குத் தூசிக்கு மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். “ஒரு நாளாவது வாத்தியாரா இருந்தேன்ல குருவி, அது போதும்” என்று என்னிடம் சொன்னார். அம்மா சமையலறைக்குப் போய் அழுதார். பெரியம்மா, நடந்தது எல்லாம் தண்ணீராலும் குழாயாலும் என் கடமையாலும் நடந்தது. மாமாவின் தவறு ஒன்றும் இல்லை. தயவுசெய்து உங்கள் தோழியிடம் இன்னும் ஒரே ஒரு முறை பேசுங்கள். பொட்டலம் நேற்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாளாம், அவள் அம்மாவே வந்து என்னிடம் ஏன் என்று விசாரித்தார். இவரைப் போன்ற ஆசிரியர் எங்களுக்கு இனிமேல் கிடைக்க மாட்டார். இவரை மூட்டை எண்ண விடாதீர்கள்.

பெரியப்பாவுக்கு என் பணிவான வணக்கங்கள். அண்ணனுக்குப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வர வாழ்த்துகள். உங்கள் முழங்காலுக்கு ஓய்வும் உங்கள் மனத்துக்கு இரக்கமும் உண்டாகட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உங்கள் அன்பிலும் ஆசியிலும் வளரும்,
குருவி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஆயா எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த மனிதர் ஆய்வாளரே இல்லையாம். அவரும் பதில் ஆசிரியர்தானாம். பள்ளித் தாளாளர் யாருக்கும் சொல்லாமல் அதே வெள்ளிக்கிழமைக்கு இன்னொருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார். “அந்த வகுப்புக்கு மட்டும் என்னை அனுப்பாதீங்க. வேணும்னா சிறைச்சாலையில போய்ப் பாடம் நடத்துறேன்” என்று அவர் தாளாளரிடம் சொல்லிவிட்டாராம். வேறு யாரும் வரச் சம்மதிக்காததால், திங்கட்கிழமையிலிருந்து வருஷக் கடைசிவரை மாமாதான். தலைமை ஆசிரியை சொல்லியனுப்பியிருக்கிறார். மாமா சான்றிதழைத் திரும்ப மாட்டிவிட்டு நன்றாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, “இனிமே அந்த மாதிரிப் பாடமெல்லாம் நம்ம வகுப்புல கிடையாது குருவி. யாரும் வேணும்னு தப்பா சொல்ல வேண்டாம். தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க” என்றார். “அப்போ என் வேலை?” என்று கேட்டேன். “எல்லாரும் ஒண்ணுதான்” என்றார். பெரியம்மா, வருஷம் முழுவதும் ஒரு முறைகூடப் பிசகாமல் தவறான பதில் சொல்லி வந்தவளை இப்படி ஒரே நாளில் எல்லோரோடும் ஒன்றாக்குவது நியாயமா? எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்தால்தானே தெரியவில்லை என்று சொல்ல முடியும்?

ஆகையால் மேலே எழுதியவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். பெரியப்பாவின் கிடங்கில் மூட்டை எண்ணும் இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று உடனே தெரிவிக்கவும். துண்டு காய்ந்துவிட்டது.